சேர்ச் வாசலில் என் சப்பாத்து

அகப்பையை என் கையிலிருந்து யாரும் பிடுங்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் சந்தேகத்தைத் தந்தது. பிடுங்கியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை, சில்க்போர்க் என்கிற டேனிஷ் நகரத்துக்கு வெளியே நாங்கள் வாடகைக்கு எடுத்துப் பூசை செய்கிற மண்டபத்தின் குசினிக்குள் நான் நுழைந்தபோது, கிடாரம் ஏற்கெனவே அடுப்பில் ஏறியிருந்தது. அகப்பை வேறொருத்தியின் கையில் இருந்தது. பெரியக்கா என் முகத்தைப் பார்க்காமல் கரட் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீர் இண்டைக்கு மரக்கறியை வெட்டும். பொங்கலை நாங்கள் பாக்கிறம்."

"ஏன், போன கிழமை சக்கரை கூடிப்போச்சோ?"

"சக்கரையெல்லாம் சரி."

"அப்ப?"

"அப்ப ஒண்டுமில்லை. கரட்டைச் சின்னனா வெட்டும்."

ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. வீட்டில் இவர், என் மனுசன், ஒன்றுமில்லை என்றால், காரில் எங்கேயோ கீறல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிட்டாலும், அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட. ஹேர்னிங்கில் துணித் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலைக்கு நின்றவர். தையல் பிழையைக் கண்ணால் பார்க்க மாட்டார், விரலால் தடவித்தான் பிடிப்பார். மண்டபத்துக் குசினிக்கு அவர்தான் பொறுப்பு. சாமிக்குப் படைக்கிற பொங்கலைக் கிண்டும் வேலையை என்னிடம் தந்தவரும் அவர்தான். பல வருசமாக அது என்னுடைய வேலை. இன்னும் சில கிழமைகளில் தைப்பொங்கல் வர இருந்தது. வருசாவருசம் அன்றைக்கு முதல் பிடி அரிசியைப் போட்டுக் கிண்டுகிற கை என்னுடையதாகத்தான் இருக்கும்.

மற்றவர்களுக்கு இது சின்ன விசயமாக இருக்கலாம். நான் கொம்யூன் என்கிற நகரசபையின் காரில் ஊர் ஊராகப் போய், வயோதிபர்களைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, மருந்து கொடுக்கிறவள். கிழமை முழுதும் மற்றவர்களின் நேரத்துக்கு ஓடுகிறேன். அந்தக் கிடாரம் பொங்குகிற நேரத்துக்கு மட்டும்தான் மற்றவர்கள் எனக்காகக் காத்து நிற்பார்கள். அது என் கையை விட்டுப் போகிறது என்று அன்றைக்குக் கரட் வெட்டும்போது தெரிந்தது. யார் செய்த வேலை என்றுதான் தெரியவில்லை.

குசினியில் நின்ற ஒவ்வொருத்தியையும் கணக்குப் பண்ணினேன். அகப்பையைப் பிடித்தவளுக்கு அது வேண்டியிருந்ததோ? இல்லை, அவள் பயந்து பயந்துதான் கிண்டினாள். தேங்காய் துருவியவள் நான் போனதும் கதையை நிறுத்தினாள். அது ஏன்?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"நீர் ஏதும் வாயை விட்டிருப்பீர்," என்றார்.

"நான் எப்ப வாயை விட்டனான்?"

"எப்ப விடேல்லை எண்டு கேளும், யோசிச்சுச் சொல்லுறன்."

அவரை விட்டுவிட்டுப் போனை எடுத்தேன். எங்கள் குசினிப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் பிள்ளையார் படமும் வந்து குவிவதால் நான் அதைத் திறந்து பார்க்கிறதே இல்லை. அன்றைக்கு மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். ஒரு படத்தில் கை நின்றது.

கல்லும் சுண்ணாம்புமாக ஒரு முன்மண்டபம். செங்கல் தரை. சுவரோரம் ஆட்கள் இருக்க ஒரு மரவாங்கு. அதன் கீழே ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. ஒன்றில் கறுப்புக் கயிறு, மற்றதில் சிவப்புக் கயிறு.

மகளின் பழைய விளையாட்டுச் சப்பாத்திலிருந்து கழற்றி நான் போட்ட சிவப்புக் கயிறு அது. வெள்ளிக்கிழமைதோறும் மண்டப வாசலில் எல்லோரும் தாண்டிப் போகிற சப்பாத்து.

படத்தின் கீழே எழுதியிருந்தவள், புதிதாக எங்கள் மண்டபத்துக்கு வரத் தொடங்கிய தமிழ்நாட்டுப் பெண். வைலேயில் கணினி வேலை, இப்போது பிரசவ விடுமுறை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பழைய கட்டடங்களைப் பார்க்கிறவள். "யாரோ நம்ம ஆளு போல. சர்ச்சுக்கு ஷூவைக் கழட்டிட்டு உள்ள போயிருக்காங்க, சோ க்யூட்," என்று போட்டிருந்தாள். அதற்கு இரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு அடுத்த நாள் விடியும் வரை யாரும் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் குழுவில் அவ்வளவு நேரம் யாரும் ஒன்றும் எழுதாமல் இருக்க மாட்டார்கள்.

அந்தச் சேர்ச்சுக்கு நான் போன காரணம் சாமி இல்லை, கக்கூஸ்.

மத்தியானம் ஒரு வீடு, பின்னேரம் ஒரு வீடு. நடுவில் பார்த்து வந்த கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார், அந்த நேரம் வெறுமையாகிவிட்டது. அந்த ஊரில் கடை இல்லை, பெற்றோல் நிலையம் இல்லை. வயல், பன்றிப் பண்ணை, வெள்ளைச் சுவரோடு ஒரு சேர்ச். சேர்ச் வளவுக்குள் ஆருக்கும் திறந்து கிடக்கிற ஒரு கக்கூஸ். வீட்டுப் பராமரிப்பு வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும், ஆனால் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. முதல் நாள் அதற்காகத்தான் இறங்கினேன். வெளியே மழை. சேர்ச் கதவைத் தள்ளிப் பார்த்தேன், திறந்துகொண்டது.

ஒருவரும் இல்லாத கட்டடத்தை யார் பூட்டாமல் விடுவார்கள்? அந்த நிமிசமே எனக்குச் சந்தேகம். அங்கே நின்றபடி, கை தன்பாட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. கால் உள்ளே போகச் சப்பாத்துக் கழலும், எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை.

உள்ளே குளிர். சுண்ணாம்பு, மெழுகு, ஈரம் பட்ட புத்தகம் மூன்றும் கலந்த ஒரு மணம். சுவர் ஒரு ஆள் கையை விரித்தாலும் போதாத தடிப்பு. யன்னல்கள் அந்தத் தடிப்புக்குள் எங்கேயோ பின்வாங்கி நின்றன, வெளிச்சம் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கூரையிலிருந்து ஒரு சிறிய பாய்க்கப்பல் கயிற்றில் தொங்கியது. கடலே தெரியாத ஊரில் கப்பல். பீடம் கிழக்கே. எங்கள் சாமி கிழக்கைப் பார்த்து இருக்கும், இங்கே சனம் கிழக்கைப் பார்த்து இருக்கிறது. அப்படியானால் நடுவில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, வாங்குகளுக்குக் கீழே டிக், டிக் என்று சத்தம் கேட்டது. எனக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சூடேற்றுகிற குழாய் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

அடுத்த கிழமையும் போனேன். சந்தேகம் வந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. வெளியே ஒரு முறை சுற்றினேன், வலமாகத்தான். அடியெல்லாம் சதுரமாக வெட்டின கருங்கல். கோபுரம் மட்டும் செங்கல், அதன் தலைச் சுவர் படிப்படியாக ஏறி இறங்கும். பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று பார்த்தாலே தெரியும். தெற்கே பெரிய யன்னல்கள், வடக்கே சின்னதாக, வளைவுத் தலையோடு ஒன்றே ஒன்று. அந்த வடக்குச் சுவரில் ஒரு வாசலின் வடிவம் இருந்தது. நிலை இருக்கிறது, படிக்கல் தேய்ந்திருக்கிறது, நடுவில் முழுக்கக் கல் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். படி தேயும் அளவுக்குச் சனம் நடந்த வாசலை ஏன் அடைத்தார்கள்?

நான் பார்க்கிற ஒரு கிழவி, கண் தெரியாத, முந்தி வயல் செய்த கமக்காரி, அந்த ஊரிலேயே பிறந்தவர். சேர்ச்சைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னது டேனிஷில், ஆனால் எனக்குள் எங்கள் கதையாகத்தான் பதிந்திருக்கிறது. "எங்கட சேர்ச்சில சுண்ணாம்பை நம்பாதை, பிள்ளை. அதுக்குப் பின்னால எப்பவும் ஆரோ நிக்கினம்."

அவர் சொன்னது உண்மை. வளைவுக் கூரையில் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்த இடங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் படங்கள் இருந்தன. பூங்கொடி, முடி தரித்த ஆட்கள். கதவுக்கு மேலே ஒரு மூலையில், தயிர் கடைகிற ஒரு பெண். அவளுக்குப் பின்னால் கொம்பு வைத்த ஒருவன் நின்று, அவளோடு சேர்ந்து மத்தைப் பிடித்திருந்தான். அவள் முகத்தில் பயம் இல்லை. வேலை நடக்கிறது என்கிற முகம். எனக்கு அந்த மூலைதான் பிடித்துப்போயிற்று. அதற்குக் கீழே இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பேன்.

என்னை ஒருத்தி கவனித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேர்ச்சையும் வளவையும் பராமரிக்கிற பெண். கிராவர் என்று இங்கே சொல்வார்கள். பச்சைக் காற்சட்டை, கையில் வறண்டி. நான் வடக்குச் சுவரைப் பார்த்தால் வடக்கே வந்து குப்பை வாருவாள். பக்கத்து ஊர்ச் சேர்ச்சில் கூரையின் செப்புத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிற ஒரு கறுத்த மனுசியை அவள் வேறு எப்படிப் பார்ப்பாள்? நானும் அவளைச் சந்தேகப்பட்டேன், அவள் என் சப்பாத்தை எங்கேயாவது எடுத்து வைத்துவிடுவாளோ என்று. இருவரும் ஒருவருக்கொருவர் நல்ல சிரிப்பாகச் சிரித்துக்கொள்வோம்.

இனிப் படம் போட்ட கதைக்கு வருகிறேன். அந்தத் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன்.

"அய்யோ அக்கா, அது உங்க ஷூவா? சத்தியமா தெரியாது. பாப்பா தூங்கிட்டு இருந்தா, நான் உள்ளயே வரலை. அழகா இருந்துச்சுன்னு எடுத்தேன்."

அவள் குரலில் ஒளிவு இல்லை. வந்து கொஞ்ச நாள்தான், யார் சப்பாத்து யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள்தான் பேசாமல் இருந்தவர்கள்.

பெரியக்காவுக்கு எடுத்தேன்.

"நான் சேர்ச்சுக்குப் போய் வேதத்துக்கு மாறிட்டன் எண்டு நினைக்கிறியளோ?"

"நீர் மாறினா மாறும், அது உம்மட விருப்பம். எங்கட ஒண்டு விட்ட தங்கச்சியும் வேதம்தான், நாங்கள் அவளின்ர கொண்டாட்டத்துக்குப் போறேல்லையோ?"

"அப்ப என்ன?"

பின்னால் அவருடைய குக்கர் கூவியது.

"அந்தச் சேர்ச் சவக்காலைக்கு நடுவில எல்லோ நிக்குது."

அப்போதுதான் விளங்கியது. இங்கே சேர்ச்சைச் சுற்றித்தான் புதைப்பார்கள். கல்லறைகளுக்கு நடுவே நடக்காமல் சேர்ச் கதவைத் தொட முடியாது. சவக்காலைக்குப் போய் வந்தால் துடக்கு, தீட்டு. தலை முழுகாமல் அடுப்படிக்குப் போகக் கூடாது, சாமிக்குப் படைக்கிறது எப்படி?

"அக்கா, நான் வேலையால வீட்டை போய், தலைக்கு முழுகிட்டுத்தானே வெள்ளிக்கிழமையில வாறனான்."

"ஓம். ஆர் கண்டது?"

எங்கள் வீட்டுக் குளியலறைக்குச் சாட்சி இல்லை. இவரிடம் சொன்னேன். "நான் வேணுமெண்டா வந்து சொல்லுறன், தண்ணி கட்டணம் எவ்வளவு வருது எண்டு," என்றார். அவரை ஒரு பார்வை பார்த்தேன், பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தேன். சொல்லி நம்ப மாட்டார், அவர் தடவிப் பார்க்கிற ஆள். தை பிறக்க முதல் ஒரு சனிக்கிழமை, வந்து கண்ணால் பாருங்கோ அக்கா என்று கேட்டேன். காரை விட்டு இறங்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்தார்.

வயலெல்லாம் உறைபனி. மதில் ஓரமாகக் காரை நிறுத்தினேன். அவர் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். குளிர்காலத்தில் இங்கே கல்லறை ஒவ்வொன்றின் மேலும் பச்சை ஊசியிலைக் கிளைகளை அடுக்கி மூடிவிடுவார்கள். வரிசை வரிசையாகப் போர்த்துப் படுத்த மாதிரி இருக்கும்.

"ஆளுக்காள் போர்வையும் போட்டு விட்டிருக்கினம்," என்றார். "நீர் இதுக்குள்ளாலதான் தினமும் போறனீரோ?"

"தினமும் இல்லை. கிழமையில ரண்டு தரம்."

"சோத்துப் பெட்டியோட."

"உள்ள போய்த்தான் சாப்பிடுறனான்."

அவர் பிளாஸ்கிலிருந்து இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார். வழியிலும் குடித்துக்கொண்டுதான் வந்தவர். கொஞ்ச நேரத்தில் இருக்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார், பிறகு மற்றப் பக்கமாக. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"பக்கத்தில பெற்றோல் ஸ்டேசன் ஏதும் இருக்கோ?"

"சில்க்போர்க்குக்குத்தான் போக வேணும்."

"ஆரும் தெரிஞ்ச வீடு?"

"நான் பாக்கிற கிழவி ஒராள். ஆனா சனிக்கிழமை வேற ஆள்தான் வேலைக்கு வாறது, சாவியும் அவவிட்டைதான். கதவு திறக்கேலாது."

அவர் மதிலுக்கு மேலாலே பார்த்தார். சேர்ச் வளவுக் கக்கூசைப் பற்றி வழியிலேயே சொல்லியிருந்தேன், இப்போது ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால், இதற்காகத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தீர் என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

"எங்க இருக்கு அந்தக் கக்கூஸ்?"

"சவக்காலைக்குள்ள, அக்கா."

அந்தப் பாதையில் அவர் நடந்த நடையை நான் மறக்க மாட்டேன். நீளக் குளிர்க்கோட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, ஊசியிலை ஒன்றும் தொடாமல், நீர் தேங்கின தெரு ஒழுங்கையைக் கடக்கிற மாதிரி. வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே சேர்ச் கதவைப் பார்த்தார்.

"இனியென்ன, பட்டது பட்டதுதான். உள்ளுக்கும் பாப்பம்."

முன்மண்டபத்தில் வாங்கில் இருந்து அவரும் சப்பாத்தைக் கழற்றினார். நான் சொல்லவில்லை. என் சப்பாத்துக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி வைத்தார்.

உள்ளே எல்லாவற்றையும் விரலால் பார்த்தார். வாங்குகளின் சின்னக் கதவுகளை, கருங்கல் ஞானஸ்நானத் தொட்டியில் செதுக்கியிருந்த சிங்கத்தின் தேய்ந்த முகத்தை, உள்பக்கம் அடைத்த வடக்கு வாசலின் விளிம்பை. "இதில பொருத்து இருக்கு," என்றார். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தவர், அந்த மூலைக்குக் கீழே நின்றார்.

"இவள் என்ன செய்யிறாள்?"

"வெண்ணெய் கடையிறாள். பின்னால நிக்கிறது பேய். பேயோட சேந்து கடைஞ்சபடியால்தான் அவளுக்கு வெண்ணெய் கூட வருது எண்டு கதையாம்."

பெரியக்கா கழுத்து நோகும் வரை பார்த்தார்.

"அவளுக்கு வெண்ணெய் நல்லாத் திரண்டிருக்கும்," என்றார். "பக்கத்தில நிண்டவளுக்குப் பொறுத்திருக்காது."

நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்குக்குக் கீழே டிக், டிக் என்றது. அவர் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார்.

"அது ஹீற்றர், அக்கா."

"தெரியும்," என்றார், கையை விடாமல்.

அப்போதுதான் கிராவர் வந்தாள். கதவருகே நின்று எங்கள் காலைப் பார்த்தாள். தடித்த காலுறையோடு நாலு கால். "இண்டைக்கு ரண்டு சோடி," என்றாள். "நான் போலீசுக்கு எடுப்பமோ எண்டு முந்தி ஒருக்கா யோசிச்சனான். பிறகு பாத்தன், களவெடுக்க வாறவை சப்பாத்தைக் கழட்டிட்டு வராயினம்." அந்த முன்மண்டபத்துக்கு ஆயுத வீடு என்று பெயராம். ஆம்பிளைகள் வாளையும் கத்தியையும் அங்கே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள் என்று ஊரில் சொல்வார்களாம். சப்பாத்து வைத்ததில் நான்தான் முதல் ஆள் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கார் இலக்கத்தை இவள் எங்கேயோ குறித்து வைத்திருக்கிறாள் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

பெரியக்கா தன் தொழிற்சாலை டேனிஷில், வடக்கு வாசலை ஏன் அடைத்தார்கள் என்று கேட்டார். அது பெண்கள் வருகிற வாசல், முந்தி பெண்கள் வடக்கே, ஆண்கள் தெற்கே என்றாள் கிராவர். பிறகு குளிர் காற்று வருகிறது என்று அடைத்துவிட்டார்களாம்.

திரும்பிக் காரில் வந்தோம். பெருந்தெருவில் ஏறின பிறகு பெரியக்கா சொன்னார். "தெற்குப் பக்கம் மட்டும் குளிர் காத்து வராதாமோ."

"நானும் அதைத்தான் யோசிச்சனான், அக்கா."

"ம்," என்றார். பிறகு, "போன உடன முழுகும். நானும் முழுகிறன். எங்க போனனாங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை."

தைப்பொங்கலுக்கு விடிய முதலே மண்டபத்துக்குப் போனேன். தலை முழுகி, மயிரை உலர்த்தாமல், அந்தக் குளிருக்குள். காய்ச்சல் வந்தாலும் பரவாயில்லை, ஈரம் தெரிய வேண்டும் என்று வைத்திருந்தேன். குசினிக்குள் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். கிடாரம் அடுப்பில். அகப்பை பெரியக்காவின் கையில்.

அவர் என்னிடம் வந்தார். எல்லோரும் பார்க்க, என் பின்னலுக்குக் கீழே விரலை விட்டு, பிடரியில் வைத்துத் தடவினார். துணியில் பிழை பார்க்கிற அதே விரல்.

"ஈரம்தான்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தன் தலையை எனக்கு முன்னால் குனிந்தார். "நீரும் பாரும். நானும் அரிசி கழுவ வேணுமெல்லோ."

தேங்காய் துருவுகிறவள் துருவலை நிறுத்திவிட்டாள். நான் கையை வைத்தேன். கொண்டையின் நுனி நல்ல ஈரம். அடி மயிர் காய்ந்திருந்ததோ என்று எனக்கு அப்போதும் ஒரு எண்ணம், இன்றைக்கும் ஒரு எண்ணம்.

"ஈரம்தான், அக்கா," என்றேன்.

அவர் அகப்பையைத் தந்தார்.